மரமும் அவனுடையது, புழுவும் அவனுடையது

எம்பெருமானைச் சேவித்து, தீர்த்தமும் திருத்துழாயும் சடாரியும் பெற்று, வெளியே வந்து ஒரு மர நிழலில் அமர்ந்து இம்மலரைப் புரட்டிக்கொண்டிருக்கும் பாகவத அன்பர்களுக்கு அடியேனுடைய வணக்கம். தங்கள் தலைக்கு மேலே விரிந்திருக்கும் அந்த மரத்தைப் பற்றியே ஓர் ஐயத்தை விண்ணப்பிக்க விரும்புகிறேன். பார்வைக்கு ஐயம் சிறியதுதான். மரத்தின் இலைகளைப் புழுக்கள் தின்கின்றன. மரத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் புழுக்களைக் கொல்ல வேண்டியிருக்கிறது. காப்பது தருமம் என்கிறோம்; கொல்லாமையும் தருமம் என்கிறோம். ஒரே செயலில் இவ்விரண்டும் முரணி நிற்கும்போது, எம்பெருமானுக்கு அடியவன் என்று தன்னைச் சொல்லிக்கொள்பவன் எதைச் செய்யத் தக்கவன்?

இண்டூர், தருமபுரியிலிருந்து பென்னாகரம் செல்லும் சாலையில் உள்ள ஊர். அச்சாலை மேலும் மேற்கே சென்று ஒகேனக்கல்லில் காவிரியை அடைகிறது. காவிரி அருகிலேயே பாய்ந்தாலும், வானத்தை நோக்கி வாழும் புன்செய் நிலமே மிகுந்த மாவட்டம் இது. இங்கே மரநிழல் என்பது அலங்காரம் அன்று, உயிர்க்கு வேண்டுவது. சாலையோரப் புளியும், களத்து மேட்டு வேம்பும், கிணற்றடிப் புங்கும், வாசல் முருங்கையும் இல்லாவிடில் சித்திரை வெயிலை இவ்வூரார் எவ்வாறு கடப்பர்? தகடூர் என்று பெயர் பெற்றிருந்த இந்நாட்டை ஆண்ட அதியமானை உலகம் இன்றளவும் நினைப்பது அவன் வென்ற போர்களுக்காக மட்டுமன்று. அரிய நெல்லிக்கனி ஒன்றைத் தான் உண்ணாமல் ஔவைக்கு ஈந்தான் என்பதற்காகவே பெரிதும் நினைக்கிறது. ஒரு மரத்தின் கனியால் பெயர் நிலைத்த மண்ணில் மரத்தைப் பற்றிப் பேசுவது பொருந்தும் என்று எண்ணுகிறேன்.

அடியேன் கண்டதும் செய்ததும்

சில ஆண்டுகளுக்கு முன், நல்ல மழை பெய்து ஓய்ந்த பிறகு, எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலில் நின்ற முருங்கை மரத்தில் கம்பளிப்புழு கண்டது. இப்புழுவின் இயல்பை அறியாதார் கிராமத்தில் இலர். மழைக்குப் பின் வெளிப்படும் அந்துப்பூச்சி, இலைகளிலும் இளந்தண்டுகளிலும் முட்டைகளைக் கூட்டமாக இடுகிறது. பொரித்து வரும் புழுக்களும் பிரிந்து போவதில்லை. கூட்டமாகவே இருந்து இலையைத் தின்கின்றன, பட்டையையும் சுரண்டுகின்றன. பகற்பொழுதில் அடிமரத்தில் ஒன்றோடொன்று அப்பிக் கிடக்கின்றன. மரத்துக்கு யாரோ பழுப்புக் கம்பளி போர்த்தியது போன்று தோன்றும். அதன் உரோமம் மேலே பட்டால் அரிப்பும் தடிப்பும் உண்டாகும்.

அவ்வீட்டு அம்மையார் முதியவர். துளசி மாடத்திற்கு நீர் வார்க்காமல் வாயில் நீர் விடாதவர். பக்கத்து வீட்டு இளைஞர், "பாட்டி, ஒரு பந்தம் கட்டிக் காட்டினால் போதும், அத்தனையும் உதிர்ந்துவிடும்" என்றார். அம்மையார், "வேண்டாம் சாமி, அதுகளையும் பெருமாள்தானே படைச்சிருக்கார்? வயித்துக்குத் தின்னுது, தின்னுட்டுப் போகட்டும்" என்றார். எதிர்வீட்டுப் பெரியவரோ, "பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் மேலெல்லாம் விழுகிறது அம்மா. மரத்தையே வெட்டிப் போட்டால் தொல்லை விட்டது" என்று சொல்லி, அரிவாள் எடுத்துவர ஆளும் அனுப்பிவிட்டார்.

கொல்லலாம் என்றார் ஒருவர். விட்டுவிடலாம் என்றார் ஒருவர். மரமே வேண்டாம் என்றார் மற்றொருவர். அரிவாள் வருமுன் ஏதேனும் செய்தாக வேண்டியிருந்தது. பந்தம் கட்டினார்கள். அதைக் கையில் ஏந்தி அடிமரத்தில் காட்டியவன் அடியேன்தான். நூற்றுக்கணக்கான புழுக்கள் சுருண்டு உதிர்ந்தன. அம்மையார் ஒன்றும் சொல்லாமல் உள்ளே சென்று கதவைச் சாத்திக்கொண்டார். மரம் பிழைத்தது. ஆனால் அன்றிரவு அடியேனுக்கு உறக்கம் பிழைக்கவில்லை. செய்தது தருமமா என்ற கேள்வி அன்று தொடங்கியது.

இருவகைத் தவறான விடை

1017ஆம் ஆண்டில் திருப்பெரும்பூதூரில் அவதரித்த எம்பெருமானார் இராமாநுசர் நிலைநாட்டிய தரிசனத்தில், அறிவுள்ளதும் அறிவற்றதுமாகிய அனைத்தும் ஈசுவரனுக்குச் சரீரம். அவன் அனைத்திற்கும் உள்ளுயிர். இது மேடையில் கேட்டுத் தலையசைத்துவிட்டுப் போவதற்கு எளிய கொள்கை. முருங்கை மரத்தடியில் பந்தத்தோடு நிற்பவனுக்கு அவ்வளவு எளியதன்று. மரம் அவனுடைய சரீரம். அதைத் தின்னும் புழுவும் அவனுடைய சரீரம். பந்தம் பிடித்த கையும் அவனுடையதே. அவனுடைய உடைமை ஒன்று அவனுடைய உடைமை மற்றொன்றை உண்கிறது. இடையில் புகுந்து தீர்ப்புச் சொல்ல நான் யார்?

இக்கேள்விக்குப் பலரும் சொல்லும் விடைகள் இரண்டு. இரண்டும் தவறென்பது அடியேனுடைய துணிபு.

முதல் விடை: புழு பகை, பகையை அழிப்பது புண்ணியம், எம்பெருமானே அசுரர்களை அழிக்கவில்லையா என்பது. இவ்வொப்புமை பொருந்தாது. இரணியன் தன் மகனைத் துன்புறுத்தியது தெரிந்தே செய்த குற்றம். இராவணன் பிராட்டியைப் பிரித்ததும் தெரிந்தே செய்த குற்றம். புழுவுக்கு அத்தகைய எண்ணம் ஏது? தனக்கு விதிக்கப்பட்ட இலையை, விதிக்கப்பட்ட பருவத்தில் தின்கிறது. நந்தவனத்தில் நந்தியாவட்டையையும் அரளியையும் தின்னும் பருத்த பச்சைப் புழுவைப் பலர் கண்டு அருவருத்திருப்பர். அதுவே பின்னர் பச்சையும் வெண்சிவப்புமாகிய சிறகுகளோடு அந்தி நேரத்தில் மலர்தோறும் தேனருந்தும் பெரிய அந்துப்பூச்சியாகிறது. எலுமிச்சை, கறிவேப்பிலைக் கன்றுகளில் பறவையின் எச்சம்போல ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு புழு, சில வாரங்களில் மஞ்சளும் கறுப்புமாகிய வண்ணத்துப்பூச்சியாகி நம் தோட்டத்துப் பூக்களை நாடி வருகிறது. புழுவாக இருக்கையில் பகை என்றும், சிறகு முளைத்தபின் அழகு என்றும் நாம் சொல்வது நம் வசதிக்கேற்ற பேச்சு. ஆகவே கொல்வதைப் புண்ணியமென்று கொண்டாட இடமில்லை.

இரண்டாவது விடை அந்த அம்மையார் சொன்னது: தலையிடாதிருத்தலே தருமம். இதில் உண்மையான கருணை இருக்கிறது. அதை அடியேன் இகழேன். ஆயினும் இக்கருணை ஒன்றை மறந்துவிடுகிறது. காட்டில் தானாக முளைத்த மரம் வேறு. நாம் போத்து நட்டு, நீர் ஊற்றி, நம் வாசலில் நிறுத்திய மரம் வேறு. அது நம் சொல்லை நம்பி நிற்பது. ஆபத்து வந்தால் ஓடவும் இயலாது, கூவவும் இயலாது. அடைக்கலம் தந்தவன் ஆபத்துக் காலத்தில், "எனக்கு எதிலும் சம்பந்தமில்லை" என்று சொல்வது அகிம்சையாகாது. மேலும், அன்று அம்மையார் சொல்லியபடியே விட்டிருந்தால் அடுத்து நடந்திருக்கக்கூடியது என்ன? அரிவாள் வந்துகொண்டிருந்தது. மரம் வீழ்ந்திருந்தால் அதிலிருந்த புழுக்களும் இரையின்றி மடிந்திருக்கும். நம் தெருக்களில் மரங்களுக்குப் புழுவைவிடப் பெரிய ஆபத்து, புழுவைக் கண்டு வெறுத்த மனிதன் எடுக்கும் அரிவாள்தான். ஒதுங்கி நின்ற கருணையின் விலையை அன்று மரமே கொடுத்திருக்கும்.

அனந்தாழ்வான் காட்டிய வழி

அப்படியாயின் வழி யாது? திருமலையில் நந்தவன கைங்கர்யம் செய்த அனந்தாழ்வானுடைய வாழ்வில் இதற்கு வழி காணலாம் என்று அடியேனுக்குத் தோன்றுகிறது.

திருவேங்கடமுடையானுக்குப் புஷ்ப கைங்கர்யம் செய்யக் குளிரிலும் காட்டிலும் சென்று தங்க வல்லார் யார் என்று எம்பெருமானார் வினவியபோது முன்வந்து நின்றவர் அவர். கடப்பாரை பிடித்து மண்ணை வெட்டித் தோட்டமும் ஏரியும் அமைத்தவர். அக்கடப்பாரை இன்றும் திருமலையில் திருக்கோயிலின் மகாத்வாரத்தில் தொங்குவதை யாத்திரிகர்கள் கண்டிருப்பர். ஒருமுறை அவர் மலையிறங்கி யாத்திரை போகையில், கட்டிக்கொண்டு வந்த பிரசாத மூட்டையை வழியில் அவிழ்த்தபோது அதில் எறும்புகள் இருக்கக் கண்டாராம். தட்டிவிடவில்லை, நசுக்கவில்லை. திருவேங்கட மலையில் ஏதேனும் ஒரு பிறவி வாய்த்தாலும் போதும் என்று குலசேகராழ்வார் பெருமாள் திருமொழியில் வேண்டியதை நினைத்து, அவ்வாறு வேண்டிப் பிறந்தவர்களே இவர்களாக இருக்கலாம் என்று கருதி, அம்மூட்டையைத் திரும்பக் கொண்டுபோய் மலையிலேயே சேர்ப்பித்தார் என்பது பெரியோர் சொல்லும் வரலாறு.

இவ்வரலாற்றைக் கேட்டு, எறும்புக்கும் இரங்கினார் என்று வியந்து முடித்துவிடுகிறோம். அதனுள் இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று: அவர் மூட்டையை அவிழ்த்ததும் உண்ணத் தொடங்கவில்லை, பார்த்தார். பார்த்ததனால்தான் எறும்பைக் கண்டார். மற்றொன்று: அவருடைய கருணை அவருக்கு உழைப்பைத் தந்தது. வந்த வழியே திரும்ப வேண்டியதாயிற்று. செலவில்லாத கருணை, காலை நோகச் செய்யாத கருணை, பெரும்பாலும் வாய்ப்பேச்சாகவே நின்றுவிடுகிறது.

கடப்பாரை பிடித்து மண் வெட்டியவர் அறியாமலாவது மண்ணுயிர்களை வருத்தியே இருப்பார். வில்லிபுத்தூரில் பெரியாழ்வாரும், திருவரங்கத்தில் தொண்டரடிப்பொடியாழ்வாரும் நந்தவனம் வைத்துத் திருமாலை கட்டியவர்கள். செடி வளர்த்தவர் எவரும் புழுவைக் காணாதிருந்திருக்க இயலாது. கைங்கர்யம் என்பது கறையே படாத கையோடு நிற்பதன்று. உடையவனுடைய பொருளை அவன் பொருட்டுக் காப்பது. காக்கும்போது எத்துணை குறைந்த துன்பத்தோடு காக்கலாம் என்று தேடுவது.

பாராமையே பெரிய இம்சை

இந்நோக்கோடு அன்று நடந்ததை மறுபடி எண்ணிப் பார்த்தேன். குற்றம் பந்தம் பிடித்த நாளில் மட்டும் நிகழவில்லை என்பது புரிந்தது.

மழை ஓய்ந்த வாரத்தில் அம்மரத்தின் இலையொன்றில் முட்டைக் கூட்டம் இருந்திருக்கும். அன்று யாரேனும் அண்ணாந்து பார்த்திருந்தால், அந்த இலையை மட்டும் கிள்ளி எடுத்திருந்தால், காரியம் முடிந்திருக்கும். அதைத் தவறவிட்டோம். புழு பொரித்து ஒரு கிளையில் மட்டும் கூடியிருந்த நாளில் அச்சிறு கிளையை ஒடித்திருக்கலாம். முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டுமென்று நம் பழமொழியே சொல்கிறதே. அதையும் தவறவிட்டோம். இளம்புழுவாயிருந்தபோது, மீனெண்ணெய்ச் சோப்பை லிட்டருக்கு 25 கிராம் வீதம் நீரில் கரைத்துத் தெளித்திருக்கலாம். வேளாண் துறையினர் சொல்லும் முறை அது. அதுவும் செய்யவில்லை. அடிமரம் முழுவதும் கம்பளி போர்த்தியபின், தெருவிலுள்ளோர் மேல் விழத் தொடங்கியபின் விழித்தோம். அப்போது எஞ்சியிருந்தவை தீயும் அரிவாளுமே.

முதலில் ஓர் இலை, பின்பு ஒரு கிளை, பின்பு நூற்றுக்கணக்கான உயிர், கடைசியில் மரமே. நாம் பாராதிருந்த ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டிய வன்மையைப் பெருக்கிக்கொண்டே வந்தது. ஆகவே, "கொல்வதா வேண்டாமா" என்ற கேள்விக்கு முன்னே, "பார்த்தாயா இல்லையா" என்ற கேள்வி நிற்கிறது. கவனம் குறையும் அளவுக்கு இம்சை கூடுகிறது. இதுவே அடியேன் அன்பர்களுக்குச் சொல்ல வந்த செய்தி.

இது ஒரு தெருவின் கதை மட்டுமன்று. நமக்கு அண்மையில் கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில், முந்திரித் தோப்புகளைத் தேயிலைக் கொசு எனப்படும் பூச்சியிடமிருந்து காக்கும் பொருட்டு, 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை எண்டோசல்ஃபான் என்னும் நஞ்சை ஹெலிகாப்டரிலிருந்து தெளித்தனர். தோப்புகளுக்கிடையே மக்கள் வாழ்ந்தனர். கிணறுகளும் ஓடைகளும் இருந்தன. பிறவிக் குறைகளாலும் நரம்பு நோய்களாலும் அங்குள்ள குடும்பங்கள் பட்ட துன்பம் நாடறிந்தது. 2011ஆம் ஆண்டு மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அந்நஞ்சுக்கு நாடு முழுவதும் தடை விதித்தது. 2017இல் பாதிக்கப்பட்டோர்க்கு ஐந்து லட்சம் ரூபாய் வீதம் வழங்குமாறு கேரள அரசுக்கு ஆணையிட்டது.

கடல் கடந்த நாட்டிலும் இதே பாடம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து மெட்ஃபோர்டு என்னும் ஊரில், 1860களின் இறுதியில் ஒருவர் ஆராய்ச்சிக்கென ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த அந்துப்பூச்சி தப்பிப் பரவியது. அதன் புழுக்கள் இருபது ஆண்டுகளில் தெரு மரங்களை மொட்டையடிக்கும் அளவுக்குப் பெருகின. அதை ஒழிப்பதற்காக 1957இல் நியூயார்க் மாநிலத்தின் பகுதிகளில் விமானத்திலிருந்து டி.டி.டி. தெளித்தனர். காட்டில் மட்டுமன்றி, வீடுகள், காய்கறித் தோட்டங்கள், மாட்டுப் பண்ணைகள் மீதும் அது பொழிந்தது. மக்கள் வழக்குத் தொடுத்தனர். ரேச்சல் கார்சன் அம்மையார் 1962இல் வெளியிட்ட மௌன வசந்தம் என்ற நூலில் இச்செய்தி விரிவாக இடம்பெற்றது. இன்று அப்பகுதி மக்கள் பலர், அடிமரத்தில் சாக்குத் துணியைச் சுற்றிக் கட்டி, வெயிலுக்கு அதனடியில் ஒதுங்கும் புழுக்களை நாள்தோறும் கையால் அகற்றுகின்றனர். விமானத்தில் சென்றவர்களுக்கு இல்லாத பார்வை, சாக்குத் துணியை விலக்கிப் பார்ப்பவனுக்கு இருக்கிறது. மேலே பறப்பவன் காண்பது பச்சைப் பரப்பு. ஒரு மரத்தையும் ஓர் உயிரையும் அவன் காண்பதில்லை.

மரத்தைக் காக்கும் மற்றைக் கைங்கர்யபரர்கள்

பார்க்கத் தொடங்கியவனுக்கு மேலும் ஓர் உண்மை புலனாகும். மரத்தைக் காப்பவன் தான் ஒருவனே என்ற அகங்காரம் கழியும்.

மற்றப் பறவைகள் ஒதுக்கும் கம்பளிப்புழுக்களைக் குயிலினத்துப் பறவைகள் விரும்பி உண்கின்றன. சிட்டுக்குருவி தானியம் தின்பது. ஆயினும் தன் குஞ்சுகளுக்குப் பூச்சியையும் புழுவையுமே பெரிதும் ஊட்டுகிறது. தென்னையோலையின் அடிப்புறத்தில் கூடு கட்டிக்கொண்டு பச்சையத்தைச் சுரண்டும் கருந்தலைப் புழுவை, எறும்பளவே உள்ள சிறு குளவிகள் தேடிச் சென்று அதன்மேல் முட்டையிட்டு அடக்குகின்றன. அக்குளவிகளை வளர்த்து உழவர்க்குத் தரும் நிலையங்கள் தமிழ்நாட்டில் உள்ளன. மரத்தின் இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் முசுறு என்னும் செவ்வெறும்பைக் கொண்டு சீனர்கள் நாரத்தை, கிச்சிலி மரங்களைக் காத்தனர். அவ்வெறும்புக் கூடுகள் சந்தையில் விற்கப்பட்டதைக் கி.பி. 304ஆம் ஆண்டினதாகக் கருதப்படும் சீன நூலொன்று கூறுகிறது. அதே சீனத்தில் 1958இல் சிட்டுக்குருவிகளைத் தானியம் தின்னும் பகையென்று எண்ணி, மேளம் கொட்டி விரட்டியும் கூடுகளைக் கலைத்தும் கோடிக்கணக்கில் அழித்தனர். குருவி குறையவே பயிர்ப்பூச்சிகள் பெருகின. 1960இல் பகைப் பட்டியலிலிருந்து குருவியை நீக்கி அதன் இடத்தில் மூட்டைப்பூச்சியை வைத்தனர்.

நஞ்சைக் கண்மூடித் தெளிப்பவன் புழுவோடு இத்தனைத் துணைவர்களையும் அழிக்கிறான். அடுத்த பருவத்தில் புழு முதலில் வரும். துணைவர்கள் திரும்ப நாளாகும். ஆதலின் சிறிது பொறுப்பதும் காவலின் பகுதியே. வேரூன்றி வளர்ந்த மரம் சில இலைகளை இழப்பதனால் கெட்டுவிடாது, மறுபடி தளிர்க்கும். இளங்கன்றும், மீண்டும் மீண்டும் மொட்டையாகும் மரமுமே நம் கையை எதிர்பார்ப்பவை. எல்லா இலையும் எனக்கே என்று நினைப்பது உடையவனை மறந்த பேச்சு. தளிகையில் காக்கைக்கு ஒரு பிடி எடுத்து வைக்கும் நாம், மரத்தில் புழுவுக்கும் குருவிக்கும் ஒரு பங்கு ஒதுக்குவதில் குறை என்ன?

வேம்பு தரும் நடுவழி

கொல்வதற்கும் விடுவதற்கும் இடையே ஒரு வழியை எம்பெருமான் நம் வாசலிலேயே நட்டு வைத்திருக்கிறான். 1959இல் சூடான் நாட்டில் வெட்டுக்கிளிக் கூட்டம் இறங்கி மற்றப் பசுமையையெல்லாம் தின்றபோதும் வேப்பமரங்களைத் தீண்டாமல் சென்றதை ஜெர்மானிய அறிஞர் ஷ்முட்டரர் கண்டார். 1962இல் தில்லியில் நம் நாட்டு அறிஞர் பிரதான், வேப்பங்கொட்டைப் பருப்பின் கரைசலைத் தெளித்த பயிரை வெட்டுக்கிளிகள் உண்ணாததை ஆய்ந்து காட்டினார். அப்பருப்பிலுள்ள அசாடிராக்டின் என்னும் பொருள், இலையைத் தின்னும் விருப்பத்தைப் புழுவுக்குக் குறைக்கிறது. தின்ற புழு சட்டை உரித்து வளர்வதையும் தடுக்கிறது. ஆகவே இதனால் எவ்வுயிரும் சாவதில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். ஆயினும் இலையைத் தின்னாத உயிர்களுக்கு இதனால் வரும் தீங்கு கடும் நஞ்சுகளைவிட மிகக் குறைவு.

முறையும் எளியது. 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்து, துணியில் வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, மாலை வேளையில் இலையின் இருபுறமும் நனையத் தெளிக்க வேண்டும். வெயிலில் அதன் வீரியம் கெடும். ஒரு முறையோடு நில்லாமல், புழு வரும் பருவத்தில் மறுபடியும் தெளிக்க வேண்டும். ஐயமுள்ளோர் பாப்பாரப்பட்டியிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தாரைக் கேட்டுத் தெளியலாம். இதிலும் உழைப்பு இருக்கிறது: கொட்டை பொறுக்க வேண்டும், இடிக்க வேண்டும், காத்திருக்க வேண்டும். அனந்தாழ்வான் திரும்ப ஏறிய மலையை நினைத்தால் இது பெரிதன்று.

எஞ்சி நிற்கும் கொலை

இத்தனையும் செய்த பின்னரும் சில வேளைகளில் கொன்றே ஆகவேண்டிய நிலை வரலாம். முட்டையோடு கூடிய இலையைக் கிள்ளி அழிப்பதும் கொலைதான், சிறியதாயினும் கொலைதான். இதை மறைத்துப் பேச அடியேன் விரும்பவில்லை. அவ்வேளையில் அடியவன் செய்யத் தக்கவை மூன்று. மரத்துக்கு உண்மையிலேயே ஆபத்து உண்டா என்று பார்த்துத் தெளிதல். எந்த உயிரால் தீங்கோ அதன் அளவில் கையை நிறுத்திக்கொள்ளுதல். செய்து முடித்தபின் அதை வெற்றியென்று கொண்டாடாமல், உடையவன் முன்னிலையில் தன் செயலாக ஏற்று வணங்குதல். சினத்தோடு செய்பவனும், விளையாட்டாகச் செய்பவனும், வருத்தத்தோடு கடமையாகச் செய்பவனும் வெளிப்பார்வைக்கு ஒரே செயலைச் செய்கிறார்கள். உள்ளிருப்பவன் அம்மூன்றையும் வேறு வேறாக அறிவான்.

ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் எழுந்தருளியிருந்த புளியமரத்தைத் திருப்புளியாழ்வார் என்றே வணங்குகிறோம். திருவேங்கடத்தில் மரமாய் நிற்கும் பேறும் போதுமென்று வேண்டினார் குலசேகராழ்வார். மரத்தை அத்துணை உயர்த்திய மரபில் வந்த நாம், நம் தெருவின் மரத்தை ஆண்டுக்கு ஒருமுறைகூட அண்ணாந்து பாராமல், புழு விழுந்த அன்று மட்டும் அரிவாளைத் தேடுவது நமக்குத் தகுமா?

அந்த முருங்கையைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். தீப்பட்ட இடத்தில் பட்டை கறுத்தது. சில வாரங்களில் மேலே தளிர் விட்டது. அடுத்த ஆண்டு மழை ஓய்ந்ததும் ஒரு விடியலில் அவ்வம்மையார் அடியேன் வீட்டு வாசலில் வந்து நின்று, "சாமி, என் கண்ணுக்கு மேலே தெரியலை. நீ வந்து பாரு" என்று அழைத்தார். மூன்றாம் நாள் தாழ்ந்த கிளையொன்றில் முட்டைக் கூட்டம் தென்பட்டது. அந்த ஈர்க்கை மட்டும் ஒடித்து அவர் கையில் கொடுத்தேன். சற்று நேரம் அதை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவுதானா?" என்று கேட்டார். பின்பு, "பெருமாளே, பொறுத்துக்கோ" என்று சொல்லி அடுப்பில் இட்டார். அவ்வாண்டு பந்தம் கட்ட வேண்டியிருக்கவில்லை.

அன்பர்களே, ஊர் திரும்புமுன் தாங்கள் அமர்ந்திருந்த மரத்தை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். எட்டும் கிளையில் ஓர் இலையைப் புரட்டி அடிப்புறம் நோக்குங்கள். தங்கள் ஊரில், தங்கள் வாசலில் நிற்கும் மரத்திற்கும் மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையேனும் அவ்வாறு செய்யுங்கள். அது அவனுடைய திருமேனியைச் சேவிப்பதே ஆகும். மரமும் அவனுடையது, புழுவும் அவனுடையது, பார்க்கும் கண்ணும் அவன் தந்தது. அக்கண்ணை உரிய காலத்தில் திறக்கும் நல்லறிவை எம்பெருமான் நம் அனைவர்க்கும் அருள்வானாக.